யாரிடமும் சொல்லாதே என்றவன் எழுதுவது

அன்பு மகனுக்கு,

போன வாரம் நான் போட்ட இன்லண்டு கடிதம் கையில் இருந்தால் கிழித்துப் போட்டுவிடு. பெங்களூருக்கு அது போய்ச் சேர்ந்து, நீ படித்தும் முடித்திருப்பாய். சின்ன வயதில் உனக்கு நடந்த ஆபரேஷனைப் பற்றிப் பெண் வீட்டாருக்குத் தெரியுமா, அவர்களிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். நான் நாலு வரியில் பதில் எழுதினேன். அது சாதாரணக் குடலிறக்கம். பிறவியிலேயே உனக்கு விதை ஒன்றுதான். அதனால் குறை ஒன்றும் இல்லை. தை பிறந்ததும் நிச்சயதார்த்தம், லீவுக்கு எழுதிக் கொடுத்துவிடு. இந்த நாலில் கடைசி வரி மட்டும்தான் உண்மை.

தபாலில் போட்டுவிட்டு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "புள்ளைகிட்டதான் மறைச்சீங்க. இப்ப வரப்போற பொண்ணுகிட்டயும் மறைக்கணுமா?" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்குத் தெரியும், உன் அம்மா சண்டை போட்டால் தாங்கிக்கொள்ளலாம், பேசாமல் இருந்தால்தான் வீட்டில் இருக்க முடியாது. மூன்று நாள் அந்த வீட்டில் இருந்துவிட்டு இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். இது நீளமான கடிதம். வேலைக்கு நடுவே படிக்காதே. அறையில் கூட இருக்கும் பையன்கள் வெளியே போன பிறகு படி. இப்படி எழுதும்போதே எனக்குச் சுருக்கென்கிறது. மறைத்துப் படி என்று சொல்வதுகூட என் பழைய புத்திதான். உனக்கு எங்கே தோன்றுகிறதோ அங்கே வைத்துப் படி.

நான் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது என் வேலை. ஆனால் நெய்வேலிச் சுரங்கத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த அந்த ஆரம்ப காலத்தில், கரி கண்ணில் படுவதற்கு முன்னால், வெறும் மண்ணை வெட்டிக் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில், வாரத்தில் இரண்டு நாள் என்னை மெடிக்கல் ரூமுக்கு அனுப்புவார்கள். கான்ட்ராக்டில் இருந்தவர்கள் பெர்மனென்ட் ஆக வேண்டுமானால் அந்த ரூமைத் தாண்டியாக வேண்டும். நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் வருவார்கள், என்றைக்குமே நிலம் இல்லாதவர்களும் வருவார்கள். அந்த வாசலில் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தொண்டை வறண்டிருக்கும். நான் பேரைக் கூப்பிடுவேன். உள்ளே வந்தவனை வேட்டியை அவிழ்க்கச் சொல்வேன். டாக்டர் அடிவயிற்றில் கை வைத்து "இருமுப்பா" என்பார். குடலிறக்கம் இருந்தால் கையில் தட்டுப்படும். அவர் சொல்வதை நான் அட்டையில் எழுதுவேன். உடம்பில் ஒரு மனிதன் மறைத்து வைத்திருப்பது எல்லாம் என் பேனாவுக்கு வந்து சேரும் வேலை அது.

என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுப் போடும்போது வலி தெரியாமல் இருக்க ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். அது நல்ல குணம் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, நானும் நம்பிவிட்டேன். ஷிப்ட் முடிந்து டீக்கடைக்குப் போனால் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருவார்கள். இன்றைக்கு என்ன சேதி என்று கேட்பார்கள். எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்து, யாருக்கும் யாரையும் தெரியாமல் கிடந்த ஊர் அது. சிரிக்க வைப்பவனுக்கு அங்கே சீக்கிரம் பேர் கிடைத்தது. அந்தப் பேருக்கு நான் ஆசைப்பட்டேன்.

ஒரு நாள் வேலாயுதம் என்று ஒரு பையன் மெடிக்கலுக்கு வந்தான். குறிஞ்சிப்பாடிப் பக்கம். இருபது வயது இருக்கும், மண் சுமந்து நன்றாக முறுக்கேறிய உடம்பு. டாக்டர் பார்த்தார். அவனுக்கு ஒரு பக்கம் விதை இறங்கவே இல்லை, அடிவயிற்றிலேயே நின்றுவிட்டிருந்தது. டாக்டர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "ஆபரேஷன் பண்ணிக்கினு மூணு மாசம் கழிச்சு வா, எடுத்துக்கறோம்" என்றார். நானும் அப்படியே அட்டையில் எழுதினேன். வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே போகும்போது அவன் கதவருகில் நின்று என்னிடம் மெல்லக் கேட்டான். "அண்ணே, இது வெளிய தெரியாதுங்களே?" தெரியாதுப்பா, நீ போய் வா என்று முதுகில் தட்டி அனுப்பினேன்.

அன்று சாயங்காலமே டீக்கடையில் சொன்னேன். "இன்னிக்கு ஒருத்தன் வந்தான்யா. பஸ்ல ஏறுனான்னா கண்டக்டர் அவனுக்கு அரை டிக்கெட்தான் கிழிக்கணும்." பேர் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதையே பல வருஷம் எனக்கு நானே சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன். அன்று மெடிக்கலுக்குப் போனவர்கள் யார் யார் என்று தெரிந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் சுரங்கம் முழுக்க அவனுக்கு அரை டிக்கெட் என்று பேர் ஆகிவிட்டது. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் தாய்மாமன் அதே கும்பலில் மண் வெட்டிக்கொண்டிருந்தான். கல்யாணம் நின்றது. மூன்று மாதம் கழித்து அட்டையைப் புரட்டிப் பேரைக் கூப்பிட்டேன். வேலாயுதம் வரவில்லை. அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.

இனி உன் கதை. நீ பிறந்தபோதே இடது பக்கம் காலியாக இருந்ததை மருத்துவச்சி பார்த்தாள். வளர வளர இறங்கிவிடும் என்றாள். பாதிக் குழந்தைகளுக்கு அப்படி இறங்கவும் செய்கிறது. நானும் அதையே சொல்லி உன் அம்மாவைத் தேற்றினேன். பிறகு இங்கே குவார்ட்டர்ஸ் கிடைத்து வந்தோம், வந்த வேகத்தில் அது மறந்தே போயிற்று. உனக்குப் பதினொன்று நடக்கும்போது, தெருக்குழாயிலிருந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து வைத்துவிட்டு, வலது தொடை இடுக்கில் ஏதோ வீங்குகிறது அப்பா என்று சொன்னாய். படுக்க வைத்துத் தொட்டுப் பார்த்தேன். அத்தனை பேரை அந்த ரூமில் பார்த்துப் பழகிய கை. இடது பக்கம் ஒன்றும் இல்லை. வலது பக்கத்தில், வீக்கத்துக்குள்ளே, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு தட்டுப்பட்டன. நான் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். "என்னாங்க?" என்று உன் அம்மா கேட்டாள். நான் உன் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டேன்.

அப்போது மாதம் ஒரு முறை சென்னையிலிருந்து ஒரு பெரிய சர்ஜன் வந்து போவார். வெளி நோயாளிகள் எல்லாரும் போகும்வரை காத்திருந்து, கடைசியில் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனிதர். உன்னைத் தொடுவதற்கு முன் இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். நிற்க வைத்தும், குந்த வைத்தும், படுக்க வைத்தும் பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு எனக்கு விளக்கினார். "விதை ரெண்டும் முதல்ல வயித்துக்குள்ள மேலதான் உண்டாகும். குழந்தை பிறக்கறதுக்குள்ள ஒவ்வொண்ணும் அதது பக்கத்து வழியா கீழ இறங்கி வரணும். உங்க பையனுக்கு இடது பக்கத்தது வழி தவறி, வலது பக்கத்து வழியா வந்துடுத்து. ரெண்டும் ஒரே பாதைல நிக்கறது. கூடவே குடலும் எட்டிப் பார்க்கறது." அறுத்துத் திறந்து, இரண்டையும் பிரித்து, விதைப்பையின் நடுச்சுவரில் சின்னதாக வாசல் வைத்து, இடது விதையை இடது பக்கத்துக்கே அனுப்பித் தைத்துவிடலாம் என்றார். உடம்புக்குள் இருக்கும் சூடு அதற்கு ஆகாது, அங்கேயே விட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறப்பது சந்தேகம், ஏற்கெனவே தாமதம், பன்னிரண்டு வயது தாண்ட விடக் கூடாது என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் சம்மதித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "புஸ்தகத்துல படிச்சிருக்கேன். கையால தொட்டுப் பார்க்கறது இதுதான் முதல் தடவை" என்றார். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மலையாளத்து நர்ஸ் அன்னம்மா சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். சென்னைக்கே கூட்டி வாருங்கள், படிக்கிற பிள்ளைகள் நின்று பார்க்கட்டும், முகம் தெரியாமல் போட்டோ எடுத்துக்கொள்கிறோம், இது எல்லாருக்கும் தெரிய வேண்டிய விஷயம் என்றார். படிப்பாளி படிப்பைப் பேசினார், அதில் தப்பே இல்லை. என் காதில் மட்டும் அது வேறாக விழுந்தது. எல்லாருக்கும் தெரிய வேண்டிய விஷயம். அரை டிக்கெட் என்று ஒருவனுக்குப் பேர் வைத்தவன் நான். என் பிள்ளைக்கு என்ன பேர் வைப்பார்கள் என்று யோசித்தேன். கண் முன்னால் டீக்கடை பெஞ்சுதான் வந்தது. அதில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் வேறு ஒருவன் உட்கார்ந்து வாயைத் திறக்கிறான்.

ஊருக்குப் போய்க் கலந்து பேசிவிட்டு வருகிறேன் சார் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சீக்கிரம் வாங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பெல்ட் கில்ட் போட்டுடாதீங்க. அந்த வீக்கத்துல குடல் மட்டும் இல்லே, ரெண்டு விதையும் இருக்கு. நசுங்கிப் போயிடும்" என்றார். இது என் காதில் விழுந்தது தம்பி. தெளிவாக விழுந்தது. அதைத்தான் உனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலூருக்குப் போய் ஒரு ஹெர்னியா பெல்ட் வாங்கி வந்தேன். இடுப்பைச் சுற்றி வரும் இரும்புப் பட்டை, அதன் முனையில் தோலுறை போட்ட ஒரு திண்டு. அது வீக்கத்தின் மேல் அழுத்தி உட்காரும். கால்சட்டைக்கு மேல் வீக்கம் தெரியாமல் இருக்க எனக்கு ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உன் அம்மா அதைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள். "டாக்டர் வேணாம்னு சொல்லியும் போடுறீங்களே, நம்ம புள்ளைய நாமளே கெடுக்கிறதா?" என்று கத்தினாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் கேட்கும், வாயை மூடு என்றேன். எங்கள் குடித்தனத்தில் நான் அவள் மேல் கை ஓங்கியது அந்த ஒரு முறைதான். அடிக்கவில்லை. ஓங்கியதே போதுமாக இருந்தது. பெல்ட்டை எடுத்துத் துடைத்து உனக்கு நானே மாட்டிவிட்டேன். "இதப் பத்தி யார்கிட்டயும் சொல்லக் கூடாது. வாத்தியார் கேட்டாலும் சொல்லக் கூடாது, கூட்டாளி கேட்டாலும் சொல்லக் கூடாது. வலிச்சாலும் வூட்டுக்கு வந்துதான் சொல்லணும்" என்றேன். நீ தலையை ஆட்டினாய். பெரியவர்கள் சொன்னதைக் கேட்கிற பிள்ளை நீ. அது உனக்கு யாரிடமிருந்து வந்ததோ தெரியாது.

மாதா மாதம் அந்த சர்ஜன் வரும் நாளில் நான் டியூட்டி மாற்றிக்கொள்வேன். அந்த டிரெஸ்ஸர் எங்கே, பையனைக் கூட்டி வந்தாரா என்று அவர் கேட்டாராம். சில மாதம் கேட்டிருக்கிறார். பிறகு அவர் வருவது நின்று, வேறொருவர் வந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி என்று எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

சுரங்கத்திலிருந்து பம்ப் வைத்து இறைத்த தண்ணீர் வாய்க்காலில் ஓடுமே, வெதுவெதுப்பாக, அதில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் விழுந்து குளிப்பார்கள். ஒரு லீவு நாள் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தேன். பிள்ளைகள் தண்ணீரில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ கரையில் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து அவர்களுடைய சட்டைகளை மடியில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தாய். சளி பிடித்திருக்கிறது என்று அவர்களிடம் சொல்லியிருந்தாயாம். இரண்டு வருஷமாகவா ஒரு பிள்ளைக்குச் சளி இருக்கும் என்று அவர்களில் ஒருவன் என்னிடமே கேட்டான். நான் சிரித்து மழுப்பிவிட்டு சைக்கிளை மிதித்தேன். என்னைப் பார்த்து நீ கையாட்டினாய்.

எட்டாம் வகுப்பில் இருந்தாய். உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். காலையில் இரண்டாவது பீரியடில் உனக்கு வலி வந்திருக்கிறது. வெட்டி இழுக்கிற மாதிரி வலி. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். மத்தியானம் சாப்பிடவில்லை. வாந்தி எடுத்துவிட்டு, காலையில் சாப்பிட்ட சாம்பார் ஒத்துக்கொள்ளவில்லை என்று வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறாய். அவர் வீட்டுக்குப் போ என்றதற்கு, வேண்டாம் சார், சரியாகிவிட்டது என்றிருக்கிறாய். பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால் போனால் நாலு பேர் கேட்பார்கள் என்று பயம். மணி அடித்த பிறகுதான் எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தாய். உன்னைப் பார்த்ததும் உன் அம்மா எதிர் வீட்டுக்காரரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டு, அவர் சைக்கிளில் உன்னை ஏற்றி, தான் பின்னாலேயே ஓடி வந்தாள். நான் டிரெஸ்ஸிங் ரூமில் ஒருவன் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஏதோ தமாஷ் சொல்லிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் உன் அம்மாவின் குரல் கேட்டது.

அன்றைக்கு டியூட்டியில் இருந்தவர் புதிதாக வந்த இளம் சர்ஜன். உன்னைத் தொட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. பழைய சீட்டுகளைத் தேடி எடுத்துவரச் சொன்னார், பெரிய சர்ஜன் படத்தோடு எழுதி வைத்திருந்த குறிப்பு கிடைத்தது. பெல்ட்டை அவிழ்த்தது அன்னம்மா சிஸ்டர். டாக்டர் உன் பக்கத்தில் குனிந்து, "வலி எப்பப்பா ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். "காலையில, பத்து மணிக்குங்க" என்றாய். மணி அப்போது ஐந்தைத் தாண்டியிருந்தது. "ஏன் யார்கிட்டயும் சொல்லலை?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரைப் பார்த்தாய். "அப்பா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க."

அந்த அறையில் டாக்டர், சிஸ்டர், தியேட்டர் பையன், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், உன் அம்மா என எல்லாரும் இருந்தார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. யாராவது திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்து என்னைத் தனியே கூப்பிட்டார். இடது பக்கத்து விதை தன்னுடைய நரம்புக் கொடியிலேயே முறுக்கிக்கொண்டு, ரத்தம் போகாமல் செத்துவிட்டது. எடுக்க வேண்டியதாயிற்று. கிண்ணத்தில் காட்டினார், நாவல்பழ நிறத்தில் இருந்தது. "மத்தியானத்துக்குள்ள வந்திருந்தாக்கூடத் திருப்பி விட்டுப் பாத்திருக்கலாம். அன்னிக்கே ஆபரேஷன் பண்ணி அதோட இடத்துல தச்சு வச்சிருந்தா முறுக்கிக்கவே முறுக்கிக்காது" என்றார். வலது விதையை விடுவித்துக் கீழே இறக்கித் தைத்திருந்தார். "அது பொழச்சுக்கும். ஆனா சின்னதா இருக்கு. பெல்ட் அழுத்தி அழுத்தி மேல தழும்பேறியிருக்கு. மீசை முளைக்கும், குரல் உடையும், அதுக்கெல்லாம் அது போதும். குழந்தை விஷயம் இப்ப சொல்ல முடியாது. வயசு வந்த பிறகு பரிசோதனை பண்ணிப் பாருங்க." இவ்வளவையும் சொல்லிவிட்டு, "நீங்க இங்க ஸ்டாஃப்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அன்றிலிருந்து நான் காத்திருந்தேன். டீக்கடையில், கேன்டீனில், சங்கு ஊதி ஷிப்ட் மாறும்போது கேட்டில், யாராவது என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒரு மாதம் போயிற்று, ஒரு வருஷம் போயிற்று. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் மனசு தாங்காமல் அன்னம்மா சிஸ்டரிடம், பையன் விஷயம் வெளியே போய்விட்டதா சிஸ்டர் என்று கேட்டேன். "எந்தப் பையன்? ஏது விஷயம்? இவிடே ஆரும் அப்படிப் பேசாது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கூட, மூக்கு முட்டக் குடிக்கிறவர், அவர்கூட மூச்சு விடவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் நோயாளியின் மானத்தை வெளியே கொண்டுபோய்ச் சிந்தியவன் ஒரே ஒருவன்தான். அவனுக்குப் பயந்துதான் நான் உன்னை அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒளித்து வைத்தேன். என்னிடமிருந்துதான் உன்னை ஒளித்திருக்கிறேன், அது தெரியாமல் ஊருக்குப் பயந்தேன்.

உனக்குப் பதினைந்து வயதில், ஏன் அப்பா எனக்கு மட்டும் இப்படி என்று கேட்டாய். பிறவியிலேயே ஒன்றுதான் தம்பி, டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றேன். நீ நம்பினாய். சமையல்கட்டில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. உன் அம்மா அன்றிலிருந்து என் பேச்சுக்குச் சிரித்ததில்லை, கவனித்திருப்பாய்.

இந்த ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். பத்து வருஷமாகப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வேலாயுதம் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். அப்போதே கடலூரில் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறான். அதற்குப் பிறகும் நெய்வேலிப் பக்கம் வரவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நீங்க ஆஸ்பத்திரியில பேர் கூப்புடுறவர்தானே? உக்காருங்க" என்றான். நான் உட்காரவில்லை. அந்தப் பேரை உனக்கு வைத்தது நான்தான்பா என்றேன். "தெரியுங்க. அப்பவே தெரியும்" என்றான். கையில் இருந்த ட்யூபை விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் கடை வாசலிலேயே நின்று, உன் கதை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டான். "தம்பி இப்ப எப்புடி கீறாரு?" என்றான். நன்றாக இருக்கிறான், கல்யாணம் பேசியிருக்கிறோம் என்றேன். "அவருகிட்ட இதெல்லாம் சொல்லிட்டீங்களா?" என்றான். இல்லை என்றேன். "அப்பறம் என்கிட்ட சொல்லிக்கினு இருந்தா என்னாங்க ஆவும்?" என்று சொல்லிவிட்டு, அடுத்த சைக்கிளைத் திருப்பிப் போட்டான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை.

இந்தக் கவரில் இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் எழுதிய குறிப்புகளின் நகல். உன்னைப் பின்னால் பரிசோதிக்கும்போது தேவைப்படும் என்று அந்த இளம் சர்ஜனே எழுதி, என் கையில் கொடுத்தார். இத்தனை வருஷம் என் பெட்டியின் அடியில் கிடந்தன. முதல் காகிதத்தில் கடைசி வரியைப் பார். ஆபரேஷன் செய்யச் சொல்லித் தகப்பனிடம் எடுத்துச் சொன்னோம், தகப்பன் திரும்பி வரவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. எனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் அந்த வரியைத்தான் அதிகம் படித்திருக்கிறேன். இதை நீ டாக்டரிடம் கொண்டுபோகும்போது எப்படியும் படிப்பாய். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அங்கே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, காட்டு. விந்துப் பரிசோதனை என்று செய்வார்கள், வெட்கப்படாதே. நல்ல சேதி வரலாம். ஒன்று இருந்து நாலு பிள்ளை பெற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். வராமலும் போகலாம். எது வந்தாலும் அந்தப் பெண் சரோஜாவுக்கு நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் தெரிய வேண்டும். அவளுடைய அப்பா விருத்தாசலத்தில் பள்ளிக்கூட வாத்தியார், நிதானமான மனிதர். நீயே சொல்ல விரும்பினால் சொல். நான் வந்து உன் பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் நிற்கிறேன். எனக்கும் இதில் பங்கு உண்டு என்று அவர்கள் முன்னால் சொல்கிறேன். நீ வராதே என்றால் வர மாட்டேன். அவள் வேண்டாம் என்று சொன்னால் அவள் மேல் வருத்தப்படாதே. உண்மை தெரிந்து ஒருத்தி சரி என்றால், அவளோடு இரு. உன் அம்மாவுக்கு மட்டும் மாதம் ஒரு கடிதம் போடு. எனக்கு எழுத மனசு வராவிட்டால் எழுத வேண்டாம், நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் மத்தியானம் அவள் துணி எடுத்து வர வீட்டுக்குப் போயிருந்தாள். நான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ கண் விழித்தாய். உதடு காய்ந்து வெடித்திருந்தது, பஞ்சை நனைத்துத் தடவினேன். நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு, "நான் டாக்டர்கிட்ட சொல்லிட்டேம்ப்பா. கோச்சுக்காதீங்க" என்றாய். நான் அப்போது உன் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல தம்பி, போனாப் போவுது, இனிமே சொல்லாத" என்றேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையை நான் மன்னித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீயும் சரிப்பா என்று கண்ணை மூடிக்கொண்டாய். இன்றுவரை அந்தச் சொல்லை நீ மீறவில்லை. உன் உடம்பைப் பற்றி ஒரு நண்பனிடம்கூட நீ பேசியதில்லை என்று எனக்குத் தெரியும்.

மீறு தம்பி. டாக்டரிடம் சொல், அந்தப் பெண்ணிடம் சொல், உனக்கு யாரிடம் சொல்லி அழ வேண்டும் போலிருக்கிறதோ அவர்களிடம் எல்லாம் சொல். இதை எனக்குச் செய்தது என் அப்பா என்றும் சேர்த்துச் சொல்.

உன் அப்பா